பழங்காசும் நாணயமும்

திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமாகிய கஹ்ஃபில், ஈமானைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஊரைத் துறந்து குகையொன்றிற் புகுந்த இளைஞர்களின் வரலாறு கூறப்படுகிறது. நெடுந்துயிலினின்றும் எழுந்த அவர்கள், தம்முள் ஒருவரைக் கையிலிருந்த வெள்ளிக்காசுடன் நகருக்கு அனுப்பித் தூய்மையான உணவு வாங்கிவரச் சொல்கின்றனர். தாங்கள் உறங்கியது ஒரு நாளோ அதினும் குறைவோ என்பதே அவர்தம் எண்ணம். கடந்து போயிருந்ததோ முந்நூற்று ஒன்பது ஆண்டுகள்.

இறைமறை இவ்வளவோடு அமைகிறது. தஃப்ஸீர் ஆசிரியர்கள் அடுத்து நடந்ததை விரித்துரைக்கின்றனர். கடைக்காரர் அந்தக் காசைப் பார்த்துத் திகைக்கிறார். அதிலிருந்த முத்திரை அக்காலத்து அரசனுடையதன்று. மறைந்துபோன ‘தக்யானூஸ்’ என்னும் மன்னனுடையது. காசு கைக்குக் கை மாறுகிறது. “இவ்விளைஞனுக்கு எங்கோ புதையல் கிடைத்திருக்கிறது” என்று கூடியிருந்தோர் ஐயுறுகின்றனர். செய்தி ஆள்வோர் காதுக்கு எட்டுகிறது. தக்யானூஸ் என்பவன் கி.பி. 249 முதல் 251 வரை உரோமாபுரியை ஆண்ட தேசியஸ் என்னும் பேரரசனே என்பர் வரலாற்றறிஞர். அவனுடைய தலையுருவம் பொறித்த வெள்ளிக்காசுகள் இன்றும் உலகெங்கும் காசு சேகரிப்போரிடம் இருக்கின்றன, ஏலத்துக்கும் வருகின்றன.

ஒரு பழங்காசு கையிற் கிடைத்தவுடன் எழும் கேள்விகள் யாவும் அக்கடைத்தெருவிலேயே எழுந்துவிட்டன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இது யாருடைய காசு? எங்கிருந்து கிடைத்தது? இதற்கு உரியவர் யார்? இதை வாங்கலாமா, விற்கலாமா? இன்று வீட்டில் அமர்ந்தபடியே கைப்பேசியைத் தட்டி உரோமானியக் காசுகளை விலைக்கு வாங்கும் காலத்தில், இக்கேள்விகள் நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டன. ஆகவே அவற்றை வரலாற்றின் துணையோடும் மார்க்கச் சட்டத்தின் துணையோடும் ஆராய்வது பயனுடையது.

தமிழ் மண்ணில் உரோமானியக் காசு

உரோமானியக் காசு நமக்கு அயலானதன்று. யவனரின் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. கி.பி. 79இல் இறந்த பிளினி என்னும் உரோமானிய எழுத்தாளரோ, இந்தியா ஆண்டுதோறும் தங்கள் நாட்டிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று வருந்தி எழுதினார். ஈண்டுள்ள புலவர் பெருமையாகக் கூறியதையே ஆண்டுள்ள ஆசிரியர் குறையாகக் கூறினார். இருவர் கூற்றுக்கும் மண்ணே சான்றாயிற்று.

புக்கானன் என்னும் ஆங்கில அதிகாரி 1800ஆம் ஆண்டில் பொள்ளாச்சி வழியே பயணம் செய்தபோது, அங்கே பானையொன்றில் உரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்த செய்தியைக் கேட்டுப் பதிவு செய்தார். 1842இல் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் அகப்பட்டன. இவற்றுட் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இரு பேரரசர்களுடையவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையிலிருந்து சோழநாட்டுக்குச் சென்ற பெருவழியும், படியூர் போன்ற இடங்களில் கிடைத்த பச்சைக்கல்லும் கொங்குநாட்டில் இக்காசுகள் குவியக் காரணமாயின.

1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையல் இவற்றினும் வியப்புக்குரியது. அதில் இருந்தவை 501 பொற்காசுகள். பெரும்பாலான காசுகளில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகிறது. உருவத்தின்மீது கொண்ட வெறுப்பால் வெட்டினர் என்று எவரேனும் கருதுவாராயின் அது பொருந்தாது. வெட்டியவர்கள் இஸ்லாம் தோன்றுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவர்கள். தேய்ந்த காசு மீண்டும் செலாவணிக்குப் போகாதபடி அடையாளமிட்டனர் என்பது ஒரு சாராரின் கருத்து. நம் முன்னோர் யவனன் தந்த காசை முகத்துக்காக அன்று, எடைக்காகவே வாங்கினர் என்பதற்கு இத்தழும்புகள் தக்க அடையாளம்.

கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். அதன்பின் அடித்த வெள்ளிக்காசுகள் தமிழ்நாட்டில் மிக அரிதாகவே கிடைக்கின்றன. அரசன் ஆணையிட்டாலும் மாற்றுக் குறைந்த காசைத் தமிழ் வணிகர் ஏற்கவில்லை என்றே இதற்குப் பொருள் கூறுவர். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் சிறு செப்புக்காசுகள் மிகுதியாக வந்தன. கரூரில் அமராவதி ஆற்றுமணலிலும், மதுரையிலும், வைகை கடலிற் கலக்கும் இடத்தருகே உள்ள அழகன்குளத்திலும் அவை கிடைத்துள்ளன.

சொல்லிற் கலந்த உரோமாபுரி

உரோமானியரின் வெள்ளிக்காசுக்குத் ‘தெனாரியஸ்’ என்று பெயர். அச்சொல்லே அரபு மொழியில் ‘தீனார்’ ஆகிப் பொற்காசைக் குறிக்கலாயிற்று. கிரேக்கரின் ‘திராக்மா’ பாரசீகத்தின் வழியே வந்து ‘திர்ஹம்’ ஆயிற்று. ‘ஃபோலிஸ்’ என்னும் செப்புக்காசு ‘ஃபல்ஸ்’ ஆயிற்று. வளைகுடா நாடுகளுக்குச் சென்று மீண்டவர்கள் பணத்தை ‘ஃபுலூஸ்’ என்று கூறக் கேட்டிருப்பீர்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை அச்சொல்லில் ஒலிக்கிறது. திருக்குர்ஆனில் தீனார் என்னும் சொல் ஆலு இம்ரான் அத்தியாயத்திலும், திர்ஹம் என்னும் சொல் யூஸுஃப் அத்தியாயத்திலும் இடம் பெற்றுள்ளன.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் காலத்தில் அரபகத்துக்கெனத் தனிக்காசு இல்லை. பைஸாந்தியரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசுமே வழங்கின. அவற்றில் மன்னர் உருவங்களும் பிற சமயச் சின்னங்களும் இருந்தன. ஸஹாபாப் பெருமக்கள் அவற்றைக் கையாண்டனர். அவற்றைக்கொண்டே ஜகாத்தும் மஹரும் கொடுத்தனர். மக்காவாசிகள் அவற்றை எண்ணி வாங்காமல் எடையிட்டே வாங்கி வந்தனர். அப்துல் மலிக் இப்னு மர்வான் கலீஃபாவாக இருந்தபோது, ஹிஜ்ரி 77இல், உருவங்கள் யாவும் நீக்கிக் கலிமாவும் இறைவசனமும் பொறித்த தூய இஸ்லாமியத் தீனார் வெளிவந்தது. அதன் எடை 4.25 கிராம். அந்த எடையே மிஸ்கால். 20 மிஸ்கால், அதாவது 85 கிராம் தங்கம் என்று நாம் இன்று ஜகாத்துக்கு வகுக்கும் கணக்கு, அக்காசின் எடையிலிருந்து நமக்குக் கிடைத்ததே.

காசின் வரலாற்றை நம் ஆலிம்கள் புறக்கணிக்கவில்லை. பலாதுரீ தம் ‘ஃபுதூஹுல் புல்தா’னின் இறுதிப் பகுதியில் காசுகளைப் பற்றி எழுதினார். ஹிஜ்ரி 845இல் மறைந்த மக்ரீஸீ காசுகளுக்கென்றே தனிநூல் இயற்றினார். பழங்காசைக் கையிலெடுத்து ஆராயும் இளைஞரை வீண் பொழுதுபோக்குடையார் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. அவர் நடக்கும் பாதையில் நம் பெரியோர் முன்னரே நடந்திருக்கின்றனர்.

முத்திரை சொல்லும் தீர்ப்பு

மண்ணிலிருந்து கிடைக்கும் காசு யாருக்கு உரியது என்பதில் ஃபிக்ஹு நூல்கள் வகுத்துள்ள முறை மிக நுட்பமானது. கிடைத்த பொருளின் முத்திரையைப் பார் என்கின்றன அந்நூல்கள். கலிமாவோ முஸ்லிம் ஆட்சியாளரின் பெயரோ இருப்பின், அது ஒரு முஸ்லிமின் தவறிய பொருளாக இருக்கக்கூடும், அது ‘லுகதா’. உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டும். இஸ்லாத்துக்கு முற்பட்ட மன்னர்களின் பெயரோ உருவமோ இருப்பின் அது ‘ரிகாஸ்’. அதில் ஐந்தில் ஒரு பங்கு பொதுநலத்துக்கு உரியது. காசைப் படிக்கத் தெரிந்தவனே அங்கே தீர்ப்புச் சொல்ல முடியும். நாணயவியல் என்று இன்று நாம் கூறும் கலை, அன்று காஜியின் மன்றத்தில் பயன்பட்டது.

நம் நாட்டுச் சட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ஒளித்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உரிமையாளர் இல்லாத புதையல் என்று தீர்ப்பாகி, வேறு உடன்பாடும் இல்லையெனில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் சேரும். அரசு அதைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தரவேண்டும். ஷரீஅத்தில் பொதுநலத்துக்குச் செல்லும் அதே ஐந்தில் ஒன்று, இச்சட்டத்தில் கண்டெடுத்தவர் பக்கம் வந்து சேருகிறது. நேர்மையாக அறிவிப்பவன் இழப்புறலாகாது என்பது இதன் நோக்கம்.

1976 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் உண்டு. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய காசு அதன்படி தொல்பொருள். உரிமம் இன்றி அதை விற்கும் தொழில் நடத்தலாகாது. தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்புதல் குற்றம். அதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. ஆற்றுமணலில் கிடைத்த உரோமானியச் செப்புக்காசைப் படம் பிடித்து வெளிநாட்டாருக்கு விற்கலாம் என்று எண்ணும் இளைஞர் இதை அறிந்திருப்பது நலம்.

கைப்பேசிக் கடை

எங்கள் கவரைப்பேட்டை, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையிலும் இருப்புப் பாதையிலும் அமைந்த ஊர். ஒருபுறம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. ஊரிலேயே பொறியியற் கல்லூரிகள். கிழக்கே டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டிக் காசும் அடித்த பழவேற்காடு. தொழிற்சாலையில் ஷிப்டு முடித்துவரும் இளைஞர்கள் இரவில் கைப்பேசியில் அயல்நாட்டு ஏலங்களைப் பார்க்கின்றனர். அவ்வாறு வாங்கிய இரண்டு திபேரியஸ் காசுகளை ஓர் இளைஞர் என்னிடம் கொணர்ந்து, அவற்றிலிருந்த எழுத்துகளைப் படித்துக் காட்டினார். அவர் ஆர்வம் என்னை மகிழ்வித்தது. காசுகள் மகிழ்விக்கவில்லை. பொற்கொல்லர் தராசில் இட்டபோது ஒவ்வொன்றும் மூன்று கிராமைக்கூட எட்டவில்லை. மெய்யான காசாயின் ஏறக்குறைய மூன்றே முக்கால் கிராம் இருத்தல் வேண்டும். அதினும் பெரிய சான்று ஒன்று இருந்தது. இரண்டு காசுகளிலும் மன்னனின் காதுக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே அளவான சிறு குழி. இரு காசுகள் மண்ணிற் கிடந்து ஒன்றுபோலவே அரிக்கப்படுவதில்லை. ஒரே வார்ப்பிலிருந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகள் அவை.

போலிக்காசு இன்று தோன்றியதன்று. உரோமானியர் காலத்திலேயே செம்பின்மீது வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசுகள் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரத்துக் கவினோ, பழைய உரோமானியக் காசுகளைப்போல் எழிலாகச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெக்கர் அச்சுக்கட்டைகளே வெட்டி நூற்றுக்கணக்கில் அடித்தார். தமிழ்நாட்டிலும் உரோமானியப் பொற்காசைப் பார்த்து, எழுத்தறியாத தட்டார் செய்த போல்மங்கள் கிடைத்துள்ளன. ஆனால் அவை ஏமாற்றுவதற்கென்று செய்தவை அல்ல. இரண்டு துளையிட்டுக் கழுத்தில் அணிந்த அணிகலன்கள் பல.

வாங்குவோர் அறியவேண்டிய அடையாளங்கள் சில உள. பழங்காசு இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சுத்தியலால் அடிக்கப்பட்டது. வார்க்கப்பட்ட போலியின் விளிம்பில் இணைப்புக்கோடு தென்படும், மேற்பரப்பில் காற்றுக்குமிழியின் சிறு புள்ளிகள் இருக்கும். எடையையும் விட்டத்தையும் குறிப்பிடாத விற்பனையாளரை விட்டு விலகுதல் நன்று. உரோமானியப் பேரரசின் காசுகளை வரிசைப்படுத்திய பெருநூலின் முதல் தொகுதி 1923இல் வெளிவந்தது. அதனைத் தழுவிய பட்டியலை அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்தில் இலவசமாகவே வைத்துள்ளது. பணம் கட்டுமுன் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தடை ஏதுமில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக் காசுகளைக் கண்ணாற் கண்டு பழகுவது அதினும் சிறந்த பயிற்சி.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று விலக்கினார்கள் நாயகம். கைப்பேசித் திரையினுள் கையை நுழைத்துப் பார்க்க நம்மால் இயலாது. ஆகவே விற்பவரின் நாணயம் முன்னினும் பன்மடங்கு வேண்டப்படுகிறது.

ஃபிக்ஹின் துணையும் இங்கே உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளைக் காணாது வாங்கும் வணிகத்தை ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல் ஏற்பதில்லை. ஹனஃபீ மத்ஹபு அதை அனுமதித்து, கண்டபின் வேண்டாமென்று திருப்பும் உரிமையை வாங்குவோருக்கு வழங்குகிறது. மறைந்த குறை வெளிப்பட்டால் திருப்பும் உரிமை இரு மத்ஹபுகளிலும் உண்டு. திருப்பியனுப்ப வழியில்லாத கடையில் வாங்காதிருப்பது இரு மத்ஹபினர்க்கும் பாதுகாப்பு. தங்கம், வெள்ளிக் காசுகளில் மேலும் ஒரு நிபந்தனை வருகிறது. காகிதப் பணத்துக்கும் தங்கம் வெள்ளிக்குரிய சட்டங்கள் பொருந்தும் என்று 1986இல் அம்மான் நகரில் கூடிய ஃபிக்ஹு அகாதமி முடிவு செய்தது. அதன்படி பணமும் பொருளும் ஒரே அமர்வில் கைமாற வேண்டும். இதில் மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உளர். பேணுதலை விரும்புவோர் செப்புக்காசுகளோடு அமையலாம். விலையிலும் அவை எளியவை. சேர்த்துவைத்த பொன், வெள்ளிக் காசுகள் நிஸாபை எட்டினால் ஜகாத் கடமை என்பதையும் மறத்தலாகாது.

எங்கிருந்து வந்தது?

குகைத் தோழரிடம் ஊரார் கேட்ட கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. அதுவே எல்லாவற்றினும் கனமானது. ஷாம் தேசமும் இராக்கும் உரோமானியரும் பாரசீகரும் மாறி மாறிப் போரிட்ட நிலங்கள். அவற்றின் மண் பழங்காசுகள் நிறைந்தது. அண்மைக்காலப் போர்களில் அத்தொல்லிடங்கள் கொள்ளையிடப்பட்டன. 1990 ஆகஸ்டுக்குப் பின் இராக்கிலிருந்தும், 2011 மார்ச்சுக்குப் பின் சிரியாவிலிருந்தும் முறைகேடாக வெளியேறிய தொல்பொருள்களின் வணிகத்தை 2015 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புக் குழு தன் 2199ஆம் தீர்மானத்தால் தடை செய்தது. அகதிகளுக்காகக் கையேந்தி துஆச் செய்யும் நாம், அவர்கள் நிலத்திலிருந்து திருடிய பொருளை அறியாமலே விலைகொடுத்து வாங்கிவிடலாகாது. திருடியதென்று தெரிந்து வாங்குதல் கூடாது என்பதில் ஆலிம்களிடையே ஐயமில்லை. முன்னைய உரிமையாளர் எவர், எந்த ஆண்டு எந்த ஏலத்தில் விற்கப்பட்டது என்ற விவரம் இல்லாத காசை விட்டுவிடுவதே தக்வா.

தோண்டிய இடம் மறைக்கப்பட்ட காசு, பெற்றோர் பெயரறியாப் பிள்ளையைப் போன்றது. அழகன்குளத்தில் தொல்லியல் துறையினர் முறையாக அகழ்ந்தபோது, காசு கிடந்த மண்ணடுக்கும் உடன் கிடந்த பானையோடும் சேர்ந்து வரலாறு பேசின. அதே காசு ஒரு திரையில் தனித்து மின்னும்போது ஒரு மன்னன் பெயரை மட்டுமே சொல்லும்.

சேகரிப்பவர் நினைத்தால் வரலாற்றைக் காக்கவும் முடியும். ‘தினமலர்’ ஆசிரியராயிருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த உரோமானியச் செப்புக்காசுகளை ஆராய்ந்து 1994இல் நூலாக வெளியிட்டார். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமி எழுத்திற் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு அறிவித்தவரும் அவரே. கரூரில் கிடைத்த ‘மாக்கோதை’ என்னும் சேரர் வெள்ளிக்காசில் உரோமானியக் காசின் பாணியில் மன்னன் தலை காணப்படுவதும், காசுகளைத் தேடிப் படித்தவர்களால் நமக்குத் தெரியவந்ததே. காசைப் பெட்டியில் பூட்டிவைத்தவர் பலர். படித்து, எடையிட்டு, எழுதிவைத்தவர் சிலர். அந்தச் சிலரால்தான் வரலாறு வளர்ந்தது.

தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. கையிலுள்ள காசை உரைத்துப் பார்ப்பவன், அதை வாங்கிய வழியையும் உரைத்துப் பார்க்கவேண்டும். நம் பிள்ளைகள் இக்கலையில் ஈடுபடுவாராயின் பெற்றோர் தடுக்க வேண்டுவதில்லை. எடையிடவும், எழுத்தைப் படிக்கவும், வந்த வழியைக் கேட்கவும், ரசீதைப் பேணவும், குடும்பச் செலவுக்கும் ஜகாத்துக்கும் போக எஞ்சியதில் மட்டுமே வாங்கவும் கற்பித்தால் போதுமானது. வாழ்வு மாறிய ஊரிலும் அக்குகைத் தோழர்கள் தூய்மையான உணவையே தேடினர். தூய்மையானதைத் தேடும் அவ்வுள்ளத்தை நம் இளைஞர்க்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.